வெறுங்காற் பந்தாட்டக்காரர்

புதுக்கோட்டைச் சீமையின் நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் செம்புறைக்கல்லும் விரவியது. கோடை முதிர்ந்து கண்மாய்கள் வற்றியபின், நீர் நின்ற பரப்பே ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆடுகளமாகும். இரு கற்களை நட்டுவிட்டால் அஃது இலக்கு. ஒரு பந்து கிடைத்துவிட்டால் அதுவே ஆட்டம். காலணியை எவரும் தேடுவதில்லை. வெயிலிற் காய்ந்த மண் சுடும், பரல் உறுத்தும், ஆயினும் பந்து உருளும் வரையில் பாதத்தின் நினைவே பிள்ளைகளுக்கு வாராது. இவ்வாறு வெறுங்காலுடன் பந்தாடிய ஒருவர், அதே வெறுங்காலுடன் கடல் கடந்து சென்று, பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்ட ஐரோப்பியரிடையே ஆடிப் புகழ் பெற்றார் என்றால் இப்பிள்ளைகள் நம்புவார்களோ, மாட்டார்களோ! ஆனால் அது நடந்தது 1936ஆம் ஆண்டில். அவர் பெயர் முகம்மது சலீம். இந்தியத் துணைக்கண்டத்திற் பிறந்து ஐரோப்பியக் கழகம் ஒன்றிற்காகக் காற்பந்தாடிய முதல்வர் அவரே எனக் கொள்ளப்படுகிறார்.

சலீம் 1904ஆம் ஆண்டில் கல்கத்தா நகரின் மேற்றிசை ஓரத்திலுள்ள மேட்டியாபுருசு என்னும் பகுதியிற் பிறந்தார். ஊக்ளி ஆற்றங்கரையில் அமைந்த அப்பகுதிக்கு ஒரு பழஞ்செய்தி உண்டு. ஆங்கிலேயர் 1856ஆம் ஆண்டில் அயோத்தி நாட்டைக் கவர்ந்துகொண்டபோது, முடியிழந்த நவாபு வாஜித் அலி சா இங்கேதான் வந்து தங்கினார். அவரோடு பாடகரும், ஆடற்கலைஞரும், சமையற்காரரும், தையற்காரரும் பெருந்திரளாக வந்து குடியேறினர். நவாபு 1887இல் மறைந்தார். அரண்மனை வாழ்வும் அதனோடு மறைந்தது. எஞ்சியவை தையற்கூடங்களும், கப்பல் துறையின் இரைச்சலும், உழைத்துண்ணும் மக்களின் நெருக்கமான குடியிருப்புகளுமே. அத்தகைய சூழலில், மிகுந்த செல்வமுமின்றிக் கொடிய வறுமையுமின்றி வாழ்ந்த ஓர் எளிய இசுலாமியக் குடும்பத்தில் சலீம் வளர்ந்தார். பள்ளிப் படிப்பில் அவர் மனம் மிகுதியாக ஈடுபடவில்லை. அவர் நாட்டமெல்லாம் பந்தின்மேலேயே இருந்தது.

அவருக்கு ஏழு வயது நிரம்பும் காலத்தில் கல்கத்தா நகரையே உலுக்கிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதனை விரித்துக் கூறாமல் சலீமின் வரலாற்றைக் கூறுதல் பொருந்தாது.

காற்பந்தாட்டம் இந்நாட்டுக்கு ஆங்கிலப் படைவீரரோடும் வணிகரோடும் வந்தது. இந்தியக் காற்பந்துச் சங்கம் 1893இல் கல்கத்தாவில் அமைக்கப்பெற்று, அதன் பெயரால் ஒரு கேடயப் போட்டியும் அவ்வாண்டே தொடங்கிற்று. ஆண்டுதோறும் கேடயத்தை வென்றவர் வெள்ளையரே. 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் நடந்த இறுதியாட்டத்தில், மோகன் பகான் என்னும் வங்காளியர் கழகம் கிழக்கு யார்க்சயர்ப் படைப்பிரிவை எதிர்த்தது. படைவீரர் பதினொருவரும் தடித்த தோற்காலணி அணிந்திருந்தனர். வங்காளியருள் ஒருவர் நீங்கலாகப் பதின்மரும் வெறுங்காலினர். அன்று அண்டை ஊர்களிலிருந்தும் தொலைவான மாவட்டங்களிலிருந்தும் பல்லாயிரவர் புகைவண்டியிலும் படகிலும் வந்து குவிந்தனர். களத்தை நெருங்க இயலாதார்க்கு ஆட்டத்தின் நிலையைக் காற்றாடி பறக்கவிட்டு அறிவித்தனர். முதற்கோலைப் படைவீரரே அடித்தனர். மோகன் பகானின் தலைவர் சிவதாசு பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சிறிதுபொழுதே இருக்கையில் அபிலாசு கோசு இரண்டாவது கோலை அடித்தார். ஆண்டாரை ஆளப்பட்டார் ஆடுகளத்தில் வென்ற அச்செய்தி வங்காளமெங்கும் தீப்போற் பரவியது. வாளும் துப்பாக்கியும் இல்லாதாரும் வெள்ளையரோடு சமமாக நிற்கத்தக்க இடம் ஒன்று உண்டு என்று அன்று பலரும் உணர்ந்தனர். மேட்டியாபுருசுத் தெருக்களில் பந்துதைத்துக்கொண்டிருந்த சிறுவன் சலீமின் உள்ளத்தில் அவ்வெற்றி ஆழமாகப் பதிந்தது.

வளர்ந்தபின் சலீம் பிழைப்புக்காக மருந்து கலக்கும் கம்பவுண்டர் தொழிலைப் பயின்றார். அக்காலத்தில் இந்நாட்டில் பந்தாட்டத்தால் வயிறு நிரம்பாது. கழகங்கள் ஆடுவோர்க்குக் கூலி கொடுப்பதில்லை. கொடுப்பது இழுக்கு என்றும் கருதப்பட்டது. எனவே பகலில் ஒரு தொழிலும் மாலையில் ஆட்டமும் என்பதே அக்கால ஆட்டக்காரரின் வாழ்க்கை முறையாயிற்று. 1926ஆம் ஆண்டில் சலீம் நடுக்கல்கத்தாவின் பௌபசாரிலிருந்த சித்தரஞ்சன் கழகத்திற் சேர்ந்தார். அவர் திறத்தைக் கண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார் தம் இரண்டாம் அணியில் அவரைச் சேர்த்துக்கொண்டனர். பின்னாளில் இந்திய விளையாட்டுத் துறையின் நிருவாகியாகப் பெரும்பெயர் பெற்ற பங்கஜ் குப்தாவின் கண்ணும் அவர்மீது விழுந்தது. அவர் தூண்டுதலால் சலீம் வேறொரு கழகத்திற்குச் சென்றார். அதன்பின் ஆரியர் கழகம் முதலிய இரண்டொரு கழகங்களிலும் ஆடினார். அந்த ஆண்டுகளில் அவர் பெயர் பரவலாகத் தெரிந்திருந்தது எனினும், பெரும்புகழ் இன்னும் வாய்க்கவில்லை.

சலீம் ஆடிய இடம் வலப்புறக் கோடி. அக்காலத்து அணியில் முன்னணியினர் ஐவர். அவருள் நடுவில் நிற்பவர் கோல் அடிப்பவர். இரு கோடிகளில் நிற்பவரோ பந்தை ஏற்பவர். ஏற்பது எளிய செயலன்று. நடுக்களத்திலிருந்து நெடுந்தொலைவு பறந்துவரும் பந்து வெறியுடன் வரும். அக்காலப் பந்து தடித்த தோலால் தைக்கப்பட்டது. வாயில் வார் கட்டப்பட்டது. மழையில் நனைந்தால் கல்லெனக் கனக்கும். அத்தகைய பந்தைத் தன்மேல் மோதித் தெறிக்கவிடாமல், கையாற் பிடித்ததுபோற் பாதத்தில் அடக்க வேண்டும். அடக்கிய கணமே எதிரி வந்து நிற்பான். அவனைத் தாண்டிக் களத்தின் விளிம்புக்கோட்டை ஒட்டி ஓடிப் பந்தைக் கோலின் முன்னே அனுப்ப வேண்டும். கைதட்டல் பெறுபவர் கோல் அடித்தவர். அதற்கு வழி செய்தவரைக் கூட்டம் அடுத்த கணமே மறந்துவிடும். சலீம் இப்பணியையே தம் கலையாகக் கொண்டார். காலணி அணிந்தவனுக்குப் பந்து ஒரு பொருள். வெறுங்காலினனுக்கு அஃது உடம்பின் ஓர் உறுப்பு. பெருவிரலின் நுனியிற் பந்தை நிறுத்துவதும், அங்கிருந்து பாதத்தின் சாய்விலே சிறுவிரல் வரை உருளவிடுவதும், எதிரி பந்தென்று எண்ணிப் பாயும் திசைக்கு மாறாகப் பந்தை நழுவவிடுவதும் அவருக்கு இயல்பாக இருந்தன.

அவருடைய வாழ்வின் உயர்நிலை 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. கல்கத்தா லீக் என்னும் தொடர்ப்போட்டி 1898 முதல் நடந்துவந்தது. முப்பத்தாறு ஆண்டுகளில் ஓர் இந்தியக் கழகமும் அதனை வெல்லவில்லை. முதற்பிரிவிற்குள் இந்தியக் கழகங்கள் புகுவதற்கே நெடுங்காலம் தடை இருந்தது. பின்னர் இரண்டு கழகங்கள் மட்டும் என்ற வரம்பு இருந்தது. அந்த வரம்பு நீங்கியதும் 1920களின் நடுவிலேதான். முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி 1934இல் முதன்முறையாக முதற்பிரிவில் ஆடிற்று. கழகத்தார் கல்கத்தாவோடு நில்லாமல் பெங்களூர் முதலிய தொலைவான ஊர்களிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரரை வரவழைத்தனர். மழையில் களம் சேறாகும்போது வெறுங்கால் வழுக்கும் என்பதை எண்ணி, அத்தகைய நாட்களில் மெல்லிய காலணியை அணியும் வழக்கத்தையும் புகுத்தினர். சலீமும் அவ்வாண்டு மீண்டும் அக்கழகத்தில் வந்து சேர்ந்தார். முதற்பிரிவில் ஏறிய அந்த ஆண்டே அவர்கள் லீக்கை வென்றனர். அடுத்த ஆண்டும் வென்றனர். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் வெற்றி அவர்களுடையதாயிற்று. படைப்பிரிவுகளும், வெள்ளை வணிகர் கழகங்களும், மோகன் பகானைப் போன்ற பழைய இந்தியக் கழகங்களும் ஒருங்கே பின்தங்கின.

மூன்றாம் ஆண்டு வெற்றியின்போது, அதாவது 1936இல், சீன நாட்டு அணி ஒன்று கல்கத்தாவிற்கு வந்தது. பெர்லின் ஒலிம்பிக்கு விழாவிற்குச் செல்லும் அவ்வணியினர், வழிச்செலவுக்குப் பொருளீட்டும் பொருட்டு ஆசியாவின் பல நகரங்களில் காட்சியாட்டம் ஆடிக்கொண்டே சென்றனர். அவர்களை எதிர்க்கத் தெரிந்தெடுக்கப்பட்ட இந்திய அணியிற் சலீமும் ஒருவர். முதல் ஆட்டத்தில் அவருடைய திறம் சீனராலும் பாராட்டப்பட்டது. இரண்டாவது ஆட்டத்திற்கு அணியினர் கூடியபோது சலீமைக் காணவில்லை. எங்கே போனார் என்பது எவருக்கும் தெரியவில்லை. அவரோ அப்போது கப்பலில் இருந்தார்.

நிகழ்ந்தது இதுதான். ஆசிம் என்னும் அவருடைய உறவினர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் கடை வைத்திருந்தார். அவர் கல்கத்தாவிற்கு வந்திருந்த சமயத்தில் சலீமின் ஆட்டத்தைக் கண்டார். இத்திறம் இங்கே கூலியின்றிக் கழிவானேன், ஐரோப்பாவிற் சென்று காட்டினால் ஆகாதோ என்று அவர் எண்ணினார். சலீமையும் இசைய வைத்தார். சலீமுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பந்தாட்டக்காரனுக்கு அஃது இளமை முடியும் வயது. இன்று போகாவிட்டால் என்றும் போக இயலாது என்னும் நினைவு அவரை உந்தியிருத்தல் கூடும். எனினும் தம்மை நம்பியிருந்த அணிக்குச் சொல்லாமற் சென்றது குறையே. புகழாளர் வரலாறு எழுதுவோர் இத்தகைய இடங்களை விரைந்து கடந்து செல்வது முறையன்று.

கிளாஸ்கோ அந்நாளில் கப்பல் கட்டும் பெருநகரம். கிளைடு ஆற்றின் இருகரையிலும் கம்மாலைகளின் புகையும் சம்மட்டியொலியும் ஓயா. அந்நகரத்து மக்களுக்குக் காற்பந்தாட்டம் ஒரு வெறி. அங்குள்ள கழகங்களுள் செல்ட்டிக் கழகம் தனி வரலாறு உடையது. அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்து கிளாஸ்கோவின் கீழ்ப்பகுதியில் வறுமையில் வாடிய மக்களின் பிள்ளைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டுவதற்காகவே, வால்பிரிட் என்னும் கத்தோலிக்கத் துறவியார் 1887ஆம் ஆண்டில் அக்கழகத்தைத் தோற்றுவித்தார். பசித்த பிள்ளைகளுக்குச் சோறிடப் பிறந்த கழகம் நாளடைவில் நாட்டின் முன்னணிக் கழகங்களுள் ஒன்றாயிற்று. சலீம் சென்றதற்கு முந்திய பருவத்தில் ஸ்காட்லாந்து லீக்கை வென்றது அதுவே. 1897 முதல் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் வில்லி மேலி. அவர் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர்.

ஆசிம் நேரே மேலியிடம் சென்றார். இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருப்பதாகவும், அவரை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மேலி மறுக்கவில்லை. பிறகு ஆசிம் சிறிது தயங்கி, வந்தவர் காலணி அணிவதில்லை என்பதையும் கூறினார். மேலிக்கு நகைப்பு வந்தது. அந்நாட்டுப் பந்தாட்டக் காலணி கணுக்காலை மூடுவது. முன்பக்கம் இரும்பென இறுகியது. அடியில் தோற்குமிழ்கள் ஆணியால் அறையப்பட்டவை. அவற்றால் ஒரு மிதி பட்டாற் பாதம் என்னாகும் என்பதை நினைத்தே அவர் நகைத்திருக்க வேண்டும். ஆயினும் ஆடிக்காட்டட்டும் என்று இசைந்தார். கழகத்தார் பலர் முன்னிலையிற் சலீம் தம் வித்தையைக் காட்டினார். நகைத்தவர் நகைப்பை நிறுத்தினர். கழகத்தின் சார்பில் ஆட அவருக்கு இடம் கிடைத்தது.

ஆடுவதற்குமுன் அவர் பாதங்களைத் துணிப்பட்டையாற் சுற்றிக் கட்டினர். அதனைச் செய்தவர் ஜிம்மி மெக்மெனமி. அவர் முன்னாளில் அதே கழகத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரர். ஸ்காட்லாந்து நாட்டு அணிக்கும் ஆடியவர். சலீம் சென்றபோது கழகத்தின் பயிற்சியாளர். அக்காட்சியின் புகைப்படம் ஒன்று இன்றும் கிடைக்கிறது. சலீம் ஆட்ட உடையுடன் அமர்ந்திருக்கிறார். முதிய ஸ்காட்லாந்தியர் குனிந்து அவர் பாதத்திற்குக் கட்டுப்போடுகிறார். இந்தியாவில் வெள்ளையர் முன் இந்தியர் குனிந்து நின்ற காலம் அது. கடலுக்கு அப்பால் ஆடுகளத்தின் ஓர் அறையில் அம்முறை சற்றே தலைகீழானதை அப்படம் காட்டுகிறது. மெக்மெனமிக்கு அத்தகைய எண்ணம் இருந்திராது. ஆட்டக்காரன் காலைப் பேணுவது அவர் தொழில்.

சலீம் அங்கு இரண்டு ஆட்டங்கள் ஆடினார். உண்மையைச் சொல்லவேண்டின், அவை கழகத்தின் முதல் அணி ஆடிய லீக் ஆட்டங்கள் அல்ல. இரண்டாம் அணி ஆடிய ஆட்டங்கள். அயல்நாட்டார் ஒருவரை முதலில் அவ்வணியில் ஆடவிட்டுப் பார்ப்பதே கழகங்களின் வழக்கம். ஹாமில்ட்டன் அணியை எதிர்த்த ஆட்டத்தில் செல்ட்டிக் 5-1 என்னும் கணக்கில் வென்றது. கால்ஸ்ட்டன் அணியை எதிர்த்த ஆட்டத்தில் 7-1 என்னும் கணக்கில் வென்றது. பெனால்ட்டி உதை ஒன்றைக் கோலாக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் காண வந்தவர்கள் வியந்தது கோலைக் கண்டு அன்று. வலக்கோடியில் நின்ற அக்கரிய மெலிந்த மனிதர், துணி சுற்றிய காலாற் பந்தை ஏற்கும் முறையைக் கண்டே வியந்தனர். அவருக்கு எதிரே நின்றவர்கள் அன்றாடம் ஆடிக் கூலி பெறுபவர்கள். தடித்த காலணியோடு அவர்கள் பாய்ந்துவரும்போது, அவர் ஒரு காலாற் பந்தைத் தாங்கி மறுகாலால் துள்ளி அவர்களைச் சுற்றிச் சென்றார். பந்தைக் கோலின் முன்னே அனுப்பியபின், அடிப்பது தம் வேலையன்று என்பவர்போல் அடங்கி நின்றார்.

மறுநாள், அதாவது 1936 ஆகஸ்டு 29இல், ஸ்காட்லாந்துச் செய்தித்தாள் ஒன்று அவரைப் புதுமுறைச் செப்பிடுவித்தைக்காரர் என்று தலைப்பிட்டு வருணித்தது. கூட்டமே அவர் விரல்களின் ஆட்டத்தில் மயங்கியது என்று எழுதிற்று. இப்பாராட்டில் ஒரு நுட்பம் உண்டு. இந்தியரென்றால் பாம்பாட்டியும் வித்தைக்காரருமே என்பது அந்நாட்டார் பலரின் எண்ணம். பந்தை அடக்கும் பயிற்சி பெற்ற ஆட்டக்காரரை வித்தைக்காரர் என்று அழைத்ததில் அவ்வெண்ணத்தின் நிழல் படிந்துள்ளது. பத்தாண்டுக் காலம் கல்கத்தாச் சேற்றில் உழைத்துப் பெற்றதை மந்திரம் என்று சொல்லிவிட்டால் உழைப்பின் கணக்கு மறைந்துபோகும். எனினும் எழுதியவர் பகையாக எழுதவில்லை. தாம் முன்பு கண்டறியாத ஒன்றைக் கண்டார்; அதற்குத் தம்மிடமிருந்த சொல்லைக் கொடுத்தார்.

செல்ட்டிக் கழகத்தார் அவரை அப்பருவம் முழுவதும் தம்மிடம் நிறுத்திக்கொள்ள விரும்பினர். அவ்வாறு நின்றிருந்தால், ஆடுவதற்கு ஊதியம் கிடைத்திருக்கும். முதல் அணியிலும் இடம் கிடைத்திருக்கலாம். சலீமுக்கோ ஊர் நினைவு வந்துவிட்டது. அயல்நாட்டுக் குளிரும், அறியாத மொழியும், பழகாத உணவும், தனிமையும் அவரை வாட்டின. கல்கத்தாவில் அவர் பந்தைத் தொட்டாற் பல்லாயிரம் குரல்கள் அவர் பெயரைச் சொல்லி எழும். கிளாஸ்கோவில் அவர் ஒரு வியப்பு. கல்கத்தாவில் அவர் ஒரு பிள்ளை. இவ்வேறுபாட்டைப் பணத்தால் நிரப்ப முடியவில்லை. சில திங்களுக்குள்ளாகவே திரும்ப முடிவு செய்தார்.

அவரை நிறுத்தக் கழகத்தார் செய்த கடைசி முயற்சியைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. அவர் பெயரால் ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி, வசூலில் நூற்றுக்கு ஐந்து பங்கை அவருக்குத் தருவதாகக் கூறினராம். நூற்றுக்கு ஐந்து என்பது எவ்வளவு ஆகும் என்பது சலீமுக்குத் தெரியவில்லை. அவ்வாட்டத்தைக் காண அழைக்கப்பட்டிருந்த ஆதரவற்ற பிள்ளைகளுக்கே தம் பங்கைக் கொடுத்துவிடும்படி அவர் கூறிவிட்டார். தொகையை எண்ணிச் சொன்னபோது அது பெரிது என்று கண்டு திகைத்தார். ஆயினும் சொன்ன சொல்லை மாற்றவில்லை என்பர். பசித்த பிள்ளைகளுக்காகத் தோன்றிய கழகம் அது என்னும் பழைய கதை அவர் காதில் விழுந்திருந்ததோ, இல்லையோ! மேட்டியாபுருசின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்தவருக்கு அப்பிள்ளைகளின் முகம் புதியதாக இருந்திராது. கைக்கு வந்த பொருளை விட்டவர் என்று சிலர் அவரைப் பேதையாகக் கருதக்கூடும். ஊர் திரும்பியபின் கூலியில்லாத ஆட்டமும் சிறிய தொழிலுமே அவருக்காகக் காத்திருந்தன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அக்கணக்கில் பிழை இல்லை. சலீம் அந்தக் கணக்கைப் போடவில்லை, அவ்வளவே.

கல்கத்தா அவரை வரவேற்றது. சொல்லாமற் சென்றதைக் கழகத்தார் பெரிதுபடுத்தவில்லை. 1937ஆம் ஆண்டில் மீண்டும் முகமதன் ஸ்போர்ட்டிங் அணியின் வலக்கோடியில் நின்றார். அவ்வாண்டும், அடுத்த ஆண்டும் லீக்கு அவர்களுக்கே உரியதாயிற்று. அதன்பின் வயது தன் வேலையைச் செய்தது. புதியவர் வந்தனர், போர் வந்தது, வங்கப் பஞ்சம் வந்தது, நாடு இரண்டாகப் பிரிந்தது. அவருடைய ஆட்டத்தைக் கண்டவர்கள் நினைவில் வைத்திருந்தனர், காணாதவர்கள் அறியவில்லை.

அவரோடு வெறுங்கால் ஆட்டமும் மெல்ல மறைந்தது. விடுதலை பெற்ற இந்தியா 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கு விழாவிற்கு அனுப்பிய அணியினருட் பெரும்பாலோர் வெறுங்காலினரே. பிரான்சு நாட்டை எதிர்த்த ஆட்டத்தில் கிடைத்த இரண்டு பெனால்ட்டி உதைகளையும் வீணாக்கி, 2-1 என்னும் கணக்கில் அவர்கள் தோற்றனர். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். வெறுங்காலாலேயே 1950ஆம் ஆண்டின் உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பை நாம் இழந்தோம் என்றொரு கதை பரவியிருக்கிறது. அதனை அப்படியே ஏற்பதற்கில்லை. அணியைத் தேர்வதில் எழுந்த கருத்து வேறுபாடும், பயிற்சிக்குப் போதிய காலம் இன்மையுமே அன்று காரணமாகச் சொல்லப்பட்டன. வெறுங்காலுக்கு உண்மையில் முடிவு கட்டியது 1952ஆம் ஆண்டின் எல்சிங்கி ஒலிம்பிக்கு. அங்கே குளிர்ந்த களத்தில் யுகோசுலாவியா இந்தியாவை 10-1 என்னும் கணக்கில் வென்றது. அதன்பின் காலணி அணிந்தே ஆடவேண்டும் என்பது இங்கும் விதியாயிற்று. சலீம் கிளாஸ்கோவிற் செய்தது அதற்குப் பிறகு எவரும் மீண்டும் செய்ய இயலாத செயலாயிற்று.

ஆண்டுகள் கழிந்தன. சலீம் முதுமையுற்று நோய்ப்படுக்கையில் விழுந்தார். அப்போது அவர் மகனுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. தந்தையின் நோய்க்கு மருத்துவம் செய்யப் பொருள் வேண்டும் என்று செல்ட்டிக் கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். பொருள் பெறுவது அவருடைய நோக்கம் அன்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் இரண்டே ஆட்டங்கள் ஆடிவிட்டுப் போன ஓர் இந்தியரை அங்கே எவரேனும் நினைவு வைத்திருக்கிறார்களா என்று அறிவதே அவர் விருப்பம். விடை வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

விடை வந்தது. உறையினுள்ளே நூறு பவுனுக்கு ஒரு வங்கி வரைவோலையும் இருந்தது. 1980ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் சலீம் கல்கத்தாவில் இயற்கை எய்தினார். மகன் அந்த வரைவோலையை வங்கியிற் கொடுத்துப் பணமாக மாற்றவில்லை. அதனைத் தம் வீட்டிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டார்.